பிடிச்சுப்போன இன்ஜின்: கொடைக்கானல் ஷெட்டில் இருபது நாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

பழைய வண்டிகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து உங்கள்ல பல பேர் திரும்பத் திரும்ப அனுப்புற கேள்வி ஒண்ணு இருக்கு. "தாத்தாவோட வண்டி பத்து வருஷமா வீட்டுல நிக்குது. கிக்கரை மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது. இன்ஜின் செத்துப்போச்சா?" சில பேருக்கு அது புல்லட், சில பேருக்கு சேட்டக், சில பேருக்கு பத்மினி கார். கேள்வி மட்டும் ஒண்ணுதான்.

இதுக்குப் பொதுவா பதில் சொல்றதை விட, எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். அதுல என்ன செய்யணும்ங்கிறதும் இருக்கு, நான் செய்யப் பார்த்த தப்பும் இருக்கு.

எங்க தாத்தாவுக்கு கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல ஒரு சின்ன மளிகைக் கடை. வத்தலக்குண்டுல இருந்து சரக்கு ஏத்திட்டு வர அவர்கிட்ட ஒரு அம்பாசிடர் இருந்தது. 1973 மாடல், மார்க் டூ. அதோட ஆர்.சி. புத்தகத்துல மதுரைன்னுதான் இருக்கும். ஏன்னா அப்போ திண்டுக்கல் மாவட்டமே கிடையாது, 1985-லதான் மதுரையில இருந்து பிரிஞ்சது. அப்பா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது இந்தக் கார்ல. என்னை முதல் நாள் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதும் இதுலதான்.

2008-ல தாத்தா இறந்தார். நாயுடுபுரத்து வீட்டுக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட்டுல கார் நின்னது. அப்போ நான் காலேஜ் முதல் வருஷம். "ஊருக்கு வர்றப்பல்லாம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்பா, நீங்க கவலைப்படாதீங்க"ன்னு அப்பாகிட்ட சொன்னேன். நாலு தடவை ஸ்டார்ட் பண்ணேன். அப்புறம் சென்னையில வேலை. வாக்கு கொடுத்ததே மறந்துபோச்சு.

பதினாறு வருஷம் கழிச்சு, 2024-ல, அந்த வீட்டை விக்கிற நிலைமை வந்தது. வாங்குறவங்க ஷெட்டைக் காலி பண்ணித் தரச் சொன்னாங்க. கையில இருந்தது இருபத்திரண்டு நாள். பழைய இரும்பு வாங்குறவர் ஒருத்தர் வந்து காரைச் சுத்திப் பார்த்துட்டு இருபத்தெட்டாயிரம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்து, "இன்ஜின் ஓடுச்சுன்னா கீழ கொண்டுபோய் வச்சுக்கலாம். ஓடலைன்னா குடுத்துரலாம்"னார். அவ்வளவுதான் சொன்னார். "நீ பார்த்துக்கிறேன்னு சொன்னியே"ன்னு ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

நான் லேப்டாப்பைத் தூக்கிட்டு கொடைக்கானல் போயிட்டேன். பகல்ல வேலை, மத்த நேரம் ஷெட்டு.

சாவியைத் தொடாதே

தாத்தா காலத்துல இந்தக் காரைப் பார்த்த மெக்கானிக் ஒருத்தர் வத்தலக்குண்டுல இருக்கார். எழுபது வயசுக்கு மேல. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்தார். நான் புது பேட்டரி ஒண்ணு வாங்கி ரெடியா வச்சிருந்தேன். அவர் அதைப் பார்த்ததும், "பேராண்டி, அதைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வை. கடைசியிலதான் அதுக்கு வேலை"ன்னார்.

காரணம் இதுதான். இன்ஜின் உள்ள என்ன நிலைமைன்னு தெரியாம செல்ஃப் போட்டா, நல்லா இருக்கிறதையும் உடைச்சிடுவோம். அதனால முதல்ல கையால சோதிச்சுப் பார்க்கணும். அம்பாசிடர்ல ஒரு வசதி, முன்னாடி ஓட்டை வழியா ஹேண்டில் போட்டுச் சுத்தலாம். கியரை நியூட்ரல்ல வச்சு ஹேண்டிலைப் போட்டார். மெதுவா உடம்பு எடையைக் கொடுத்தார். அசையல. உடனே எடுத்துட்டார். ஹேண்டில் மேல ஏறி நிக்கிறது, குழாய் சொருகி நீளமாக்கிச் சுத்துறது, இதெல்லாம் வேண்டாம்னுட்டார்.

அடுத்து, உண்மையிலேயே இன்ஜின்தான் பிடிச்சிருக்கான்னு பார்த்தார். ஃபேன் பெல்ட்டைக் கழட்டினார், ஏன்னா டைனமோவோ வாட்டர் பம்போ இறுகியிருந்தாலும் இன்ஜின் சுத்தாது. செல்ஃப் மோட்டாரைக் கழட்டினார், அதோட பல் சக்கரத்துல மாட்டியிருந்தாலும் சுத்தாது. ரெண்டையும் எடுத்த அப்புறமும் அசையல. சரி, உள்ளதான்.

சம்ப் நட்டைத் திறந்தோம். ஆயிலுக்கு முன்னாடி அரை டம்ளர் தண்ணி வந்தது. தண்ணி கனம் அதிகம்ங்கிறதால அடியில தங்கியிருந்திருக்கு. ரேடியேட்டர்ல ஓட்டை இல்ல, கேஸ்கெட்டும் போகல. அப்போ இந்தத் தண்ணி எங்க இருந்து வந்தது?

மேகம் வந்து குடியிருந்த இடம்

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். அங்க மேகம் மேல போறதில்ல, வீட்டு ஜன்னல் வழியா உள்ள வரும். ஐப்பசி, கார்த்திகையில துணி மூணு நாளானாலும் காயாது. மார்கழி, தை ராத்திரியில எட்டு டிகிரி பக்கம் இறங்கும். இன்ஜின் பெரிய இரும்புக் கட்டி. ராத்திரி குளிர்ந்தா காலையில சீக்கிரம் சூடேறாது. வெயில் ஏறினதும் ஈரக்காத்து அந்தக் குளிர்ந்த இரும்பு மேல பட்டு, ஐஸ் தண்ணி டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரி வேர்க்கும். தினமும் ஒரு சொட்டுன்னு வைங்க. பதினாறு வருஷம்.

ஆனா மூடிக்கிடக்கிற இன்ஜினுக்குள்ள காத்து எப்படிப் போகும்? இதைத் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் புரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் நிக்கிறப்ப, பொதுவா ரெண்டு சிலிண்டர்ல வால்வு மூடியிருக்கும். ஒண்ணுல காத்து உள்ள இழுக்கிற வால்வு திறந்திருக்கும். இன்னொண்ணுல புகை வெளிய போற வால்வு திறந்திருக்கும். திறந்த இடத்துக்கு கார்பரேட்டர் வழியாவும் சைலன்சர் வழியாவும் நேரா பாதை இருக்கு. எந்த சிலிண்டருக்குத் துரு பிடிக்கும்ங்கிறதை, கடைசி நாள் இன்ஜின் எந்த இடத்துல நின்னதுங்கிறதுதான் முடிவு பண்ணுது.

நாலு பிளக்கையும் கழட்டிட்டு, ஆன்லைன்ல வாங்கின ஒரு குட்டி கேமராவை ஓட்டை வழியா உள்ள விட்டு போன்ல பார்த்தோம். ரெண்டாவதும் நாலாவதும் எண்ணெய்ப் பளபளப்போட நேத்து நிறுத்தின மாதிரி இருந்தது. முதல் சிலிண்டர்ல லேசான பழுப்பு. மூணாவதுல, பிஸ்டனுக்கு மேல சுவர் முழுக்க செங்கல் நிறத்துல துரு. ஏர் ஃபில்டர்ல எலிக்கூடு இருந்தது. அது முதல் சிலிண்டருக்குப் போற காத்தைக் கொஞ்சம் தடுத்திருக்கு. எலிக்கு நன்றி.

பிஸ்டன் அலுமினியக் கலவை, அதுக்கு இரும்புத் துரு கிடையாது. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்கும், அது உரசுற போர் சுவரும் வார்ப்பிரும்பு. ரெண்டு இரும்பும் ஒட்டி நிக்கிற இடத்துல துரு வந்தா, அது இரும்பா இருந்தப்ப எடுத்துக்கிட்ட இடத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும். நடுவுல இடைவெளி முடி அளவுதான். அதனால ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். "இன்ஜின் பிடிச்சுப்போச்சு"ன்னு மெக்கானிக்குங்க சொல்றது இதைத்தான். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப ஆயில் இல்லாம சூடேறிப் பிடிக்கிறது வேற கதை, அதுல உலோகமே உருகி ஒட்டும். நின்னு பிடிச்ச இன்ஜினுக்கு மருந்து இருக்கு.

ஊற்றுவது, காத்திருப்பது

மருந்து சாதாரணம். பவர் ஸ்டீயரிங்குல ஊத்துற சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி. அசிட்டோன்னா நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம்தான். அது ஆயிலை இளக்கி, சின்ன இடுக்குக்குள்ள கொண்டுபோகும். அது சீக்கிரம் தீப்பிடிக்கும், பெயிண்டைத் தின்னும். அதனால ஷெட்டுக் கதவைத் திறந்து வச்சு, பக்கத்துல நெருப்பு இல்லாமப் பார்த்துதான் கலக்கணும். அந்தக் காலத்துல டீசல் மட்டும் ஊத்தி மாசக்கணக்கா விட்டிருக்காங்க.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐம்பது மில்லி. மறுநாள் ஒரு குச்சியை விட்டு அளவு பார்ப்பேன். ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் சீக்கிரமே வடிஞ்சிடும், ரிங் வழியா கீழ இறங்குதுன்னு அர்த்தம். மூணாவதுல ஊத்தினது அப்படியே நிக்கும். தினமும் காலையில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போய்ப் பார்ப்பேன். முதல் நாள் நின்னது. ரெண்டாம் நாள் நின்னது. மூணாம் நாளும் நின்னது.

ஆறாவது நாள் பொறுமை போயிடுச்சு. சித்தப்பா பையன் ஜீப்போட வந்தான். கொடைக்கானல்ல ஜீப் இல்லாத தெரு இல்ல. "ஏன்டா இதுக்குப் போய் மருந்து ஊத்திட்டு இருக்க? கயிறு கட்டி, டாப் கியர்ல போட்டு இழுத்தா ரெண்டே நிமிஷம். வரலைன்னா டீசல் இன்ஜின் மாத்திக்கலாம்"னான். எனக்கும் சரின்னு பட்டது. பதினாறு நாள்தான் பாக்கி. ரெண்டு பேரும் சுத்தியலால தட்டி பிரேக் டிரம்மை விடுவிச்சு, டயருக்குக் காத்து அடிச்சு, கயிறையும் கட்டிட்டோம்.

கடைசி நிமிஷத்துல என்னவோ தோணி பெரியவருக்கு வீடியோ கால் போட்டேன். அவர் திட்டல. "அந்த மூணாவது போட்டோவை இன்னொரு தரம் காட்டு"ன்னார். காட்டினேன். "பிஸ்டன் பாதியில நிக்குதா? துரு மேல இருக்கா, கீழ இருக்கா?"

மேலதான் இருக்கு.

"வண்டி முன்னாடி போனா அந்த பிஸ்டன் எங்க போகும்?"

அப்பதான் எனக்கு உறைச்சது. மூணாவதுல புகை வால்வு திறந்திருக்கு, அப்படின்னா அந்த பிஸ்டன் மேல ஏறிட்டு இருந்தப்ப நின்னது. வண்டியை முன்னாடி இழுத்தா அது இன்னும் மேல, நேரா துருவுக்குள்ள ஏறும். அது மாட்டிக்கிட்டு நிக்க, மத்த மூணும் சக்கரத்தோட சேர்ந்து சுத்தப் பார்க்கும். ஒண்ணரை டன் ஜீப் இழுக்குது. ரிங் உடையும், இல்ல கனெக்டிங் ராடு வளையும். பின்னாடி தள்ளினா அதே பிஸ்டன் கீழ இறங்கும். கீழ சுவர் சுத்தமா இருக்கு.

ஹேண்டிலால பின்பக்கம் சுத்த முடியாது, அதோட கொக்கி ஒரு பக்கம்தான் பிடிக்கும். அதனால வழி ஒண்ணுதான். டாப் கியர்ல போட்டு, காரைக் கையால பின்னாடி தள்ளணும். கொஞ்சமா. தள்ளி, விட்டு, திரும்பத் தள்ளி.

நான் போனை வைக்கிறதுக்குள்ள அப்பா போய் கயிறை அவிழ்த்துட்டார்.

ஒரு நெல்மணி அளவு

அதுக்கப்புறம் தினமும் இதுதான் வேலை. கிராங்க் புல்லியில சாக்பீஸால ஒரு கோடு, பக்கத்து இரும்புல ஒரு கோடு. சாயங்காலம் நானும் அப்பாவும் முன் பம்பரைப் பிடிச்சு ஒரு அம்பது தடவை பின்னாடி தள்ளி விடுவோம். அப்புறம் மருந்து ஊத்துவோம். கோடு ரெண்டும் ஒண்ணாவே நிக்கும். ஒன்பதாவது நாள் காலையில குச்சி விட்டுப் பார்த்தா, மூணாவதுல ஊத்தினது பாதிதான் இருந்தது. கீழ இறங்க ஆரம்பிச்சிருக்கு.

பதினோராவது நாள் மழை. தகரத்து மேல சத்தம். தள்ளிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு நெல்மணி அளவு இடைவெளி. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிஞ்சு பார்த்து, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தார்.

அந்த நேரத்துல ஒரேயடியா சுத்திடக் கூடாது. நெல்மணி அளவு பின்னாடி போனா, அதே அளவு முன்னாடி. மருந்து. அடுத்த நாள் ஒரு விரல் அளவு. உதிர்ந்த துருத் தூளைப் பழைய துணியால துடைச்சு எடுத்தோம். பதிமூணாவது நாள் ஹேண்டில் ஒரு முழுச் சுத்து வந்தது.

இங்கதான் இன்னொரு ஆபத்து. பிஸ்டன் விட்டுட்டதாலயே எல்லாம் விட்டுட்டதா அர்த்தமில்ல. மேல இருக்கிற ராக்கர் மூடியைத் திறந்து, ஒருத்தர் மெதுவா ஹேண்டிலைச் சுத்த, இன்னொருத்தர் எட்டு வால்வையும் பார்க்கணும். கீழ போற வால்வு திரும்ப மேல வருதா? மூணாவதுல புகை வால்வு போச்சு, வரல. அப்படியே வேகமா சுத்தியிருந்தா புஷ் ராடு வளைஞ்சிருக்கும். ஆயில் விட்டு, மரக்கட்டையால லேசா தட்டித் தட்டி ரெண்டு நாள்ல அதுவும் வேலைக்கு வந்தது.

இந்த நாட்கள்ல ஒருநாள் பெரியவர்கிட்ட மனசுல இருந்ததைச் சொன்னேன். "ஐயா, நான் சொன்ன மாதிரி அப்பப்ப வந்து ஸ்டார்ட் பண்ணியிருந்தா இது ஆகியிருக்காது." அவர் சிரிச்சார். "அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சிருப்ப. அது இதை விட மோசம்"ன்னார்.

நான் நம்பல, அப்புறம் படிச்சுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். இன்ஜின் நல்லா சூடாகி ஓடினா அது வெளிய போயிடும். கொடைக்கானல் குளிர்ல அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தினா, சைலன்சர்லயும் சம்ப்லயும் தண்ணியா தங்கும். நான் காலேஜ் படிக்கிறப்ப செஞ்ச அந்த நாலு தடவையும்கூட நல்லது செய்யல. என் வாக்கை நான் காப்பாத்தலைங்கிறது உண்மைதான். ஆனா காப்பாத்தியிருந்தாலும், எப்படிங்கிறது தெரியாமத்தான் காப்பாத்தியிருப்பேன்.

இருபதாவது நாள்

பழைய ஆயில் வடிச்சு புது ஆயில், புது ஃபில்டர். டாங்க்ல பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறுச்சு, அதைத் தொடவே இல்ல. ஒரு பாட்டில்ல புது பெட்ரோல் ஊத்தி, டியூப் வழியா நேரா கார்பரேட்டருக்கு. இப்பதான் பேட்டரி ஷெட்டுக்குள்ள வந்தது. பிளக் போடாமலே முதல்ல செல்ஃப் அடிக்கணும். உள்ள தங்கின மருந்து பிளக் ஓட்டை வழியா பீச்சி அடிக்கும். பிளக்கை மாட்டிட்டு அடிச்சிருந்தா அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லாம, அது சுருங்கவும் செய்யாம, ராடை வளைச்சிருக்கும். ராக்கர் மேல ஆயில் கசிஞ்சு வர்ற வரைக்கும் விட்டு விட்டு அடிச்சோம். கம்ப்ரஷன் பார்த்தோம். ரெண்டுலயும் நாலுலயும் 120, முதல்ல 105, மூணாவதுல 70. ஓடும், ஆனா நொண்டும்.

பிளக்கை மாட்டிட்டு சாவியை அப்பாகிட்ட நீட்டினேன். வாங்கல. "நீ போடு"ன்னார். மூணாவது தடவை பிடிச்சது. ஷெட்டு முழுக்க வெள்ளைப் புகை. மூணு சிலிண்டர்ல தட்டுத் தடுமாறி, ஒரு நிமிஷம் கழிச்சு நாலாவதும் சேர்ந்துக்கிச்சு. அந்தச் சத்தம் எனக்கு ஸ்கூல் போன காலைச் சத்தம்.

புகைக்கு வெளிய வந்து நின்னப்பதான் அப்பா பேசினார். "நீ ஸ்டார்ட் பண்ணலைன்னு எனக்கு வருத்தம் இல்லடா. உங்க தாத்தா போனப்புறம் நான் ஒருநாள்கூட இந்தக் கதவைத் திறக்கல. என்னால முடியல."

பதினாறு வருஷமா ரெண்டு பேரும் ஒரே ஷெட்டை, ஆளுக்கொரு காரணத்துக்காகத் திறக்காம இருந்திருக்கோம்.

காரை நான் மலையில இருந்து ஓட்டிட்டு இறங்கினேன்னு சொல்லணும்னு ஆசைதான். இல்ல. பிரேக் ரப்பர் எல்லாம் உப்பிப்போயிருந்தது, டயர்ல வெடிப்பு. அதை வச்சுக்கிட்டு காட் ரோட்ல இறங்குறது தற்கொலை. இருபத்திரண்டாவது நாள் லாரியில ஏத்தி, பெருமாள்மலை, ஊத்து வழியா வத்தலக்குண்டு இறக்கி, அங்க இருந்து திண்டுக்கல். அப்பா லாரியிலயே உட்கார்ந்து வந்தார். வழி முழுக்கப் பின்னாடி திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தார்.

நல்லவேளை டீசல் இன்ஜின் மாத்தல. 50 வயசு தாண்டின வண்டியை விண்டேஜ் வண்டியா பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பர்ல 'விஏ'ன்னு வரும், தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. அதுக்கு வண்டி பெரிசா மாத்தப்படாம பழைய வடிவத்துல இருக்கணும். எங்க கார்ல தாத்தா ஓட்டின அதே இன்ஜின்தான் இருக்கு.

உங்க வண்டிக்கு

உங்க வீட்டு வண்டி பிடிச்சுப்போயிருந்தா, கிக்கர் மேல ஏறிக் குதிக்காதீங்க. கியர்ல போட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீங்க. பிளக்கைக் கழட்டி, மருந்து ஊத்தி, ஒரு வாரம் விடுங்க. முன்னும் பின்னும் கொஞ்சமா அசைங்க.

இன்னும் பிடிக்காம நிக்கிற வண்டின்னா, இப்பவே செய்யுங்க. நல்லா சூடாகுற வரை ஓட்டி, ஆயில் மாத்துங்க. பெட்ரோலை வடிச்சிடுங்க. பேட்டரியை எடுத்திடுங்க. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையால நாலு சுத்து சுத்துங்க. சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் ஆயில் துணியால அடைச்சு, சாவியில ஒரு சிவப்புத் துணி கட்டி வைங்க, மறந்துபோய் அப்படியே ஸ்டார்ட் பண்ணிடாம இருக்க. மாசம் ஒரு தடவை கையால அரைச் சுத்து சுத்தி, வேற இடத்துல நிறுத்துங்க.

அதுக்கு மொத்தம் பத்து நிமிஷம்தான் ஆகும். ஷெட்டைத் திறக்கணும், அவ்வளவுதான்.